காட்டுக்கோழி மீது போடும் பழி

நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக்குப் புறப்படும் பேருந்து மலையைத் தொடுவதற்கு முன்னால் கோழிகளைக் கடந்தாக வேண்டும். சாலையின் இருபுறமும் நீளநீளமான கொட்டகைகள், கம்பிக் கூண்டுகளில் அடுக்கடுக்காக முட்டைக்கோழிகள், காற்றில் எருவின் நெடி. காக்கையோ கொக்கோ சிட்டுக்குருவியோ கொட்டகைக்குள் நுழைந்துவிடக் கூடாது என்பது இங்கே பண்ணை வைத்திருப்பவர்களின் முதல் பாடம். காரவள்ளியைத் தாண்டி எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிச் சோளக்காட்டை அடைந்தால் காட்சி அப்படியே மாறிவிடுகிறது. வீட்டு வாசலில் குப்பையைக் கிளறுகிறது நாட்டுக்கோழி. நாற்பது ஐம்பது அடி தள்ளி, காப்பியும் மிளகும் கலந்த தோட்டத்தின் ஓரப் புதரில் அதே வேலையைச் செய்கிறது சாம்பல் காட்டுக்கோழி. இரண்டுக்கும் நடுவே வேலி கிடையாது. கீழே கற்ற பயத்தோடு மேலே ஏறுகிறவர்களுக்கு, காட்டுப் பறவை என்றாலே புழு, உண்ணி, பேன், அவற்றிலிருந்து நமக்கு நோய் என்று தோன்றுவது இயல்புதான். அந்தப் பயம் முழுக்கப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது தவறான இடத்தில் நிற்கிறது. காட்டுப் பறவையின் உடம்பிலுள்ள ஒட்டுண்ணிகளில் மிகச் சிலவே மனிதரிடம் வருகின்றன. அவையும் தாமாக வருவதில்லை. மாடு, பூனை, குட்டை, மேய்ச்சலுக்குத் திறந்துவிட்ட காடு என்று நாம் அமைத்துவைத்த ஏதோ ஒன்றின் வழியாகவே வந்து சேர்கின்றன.

வராதவற்றிலிருந்து தொடங்கலாம், அவைதான் அதிகம். பறவைகளுக்கும் மலேரியா உண்டு. சிட்டுக்குருவி, காக்கை, புறா, வானம்பாடி என்று பலவற்றின் இரத்தத்தில் அந்தக் கிருமி குடியிருக்கிறது. கொசுதான் அதையும் பரப்புகிறது. கொசு வழியாக மலேரியா பரவும் முழுப் பாதையையும் ரொனால்ட் ராஸ் 1898 ஜூலையில் கல்கத்தாவில் கண்டுபிடித்தது மனிதரை வைத்து அல்ல, பறவைகளை வைத்து. நோயுற்ற குருவியைக் கடித்த கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் கிருமி வந்து காத்திருப்பதையும், அதே கொசு நல்ல குருவியைக் கடித்தால் அதற்கும் நோய் வருவதையும் அவர் காட்டினார். 1902இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசில் குருவிகளுக்கும் பங்கு உண்டு. கல்கத்தாக் கண்டுபிடிப்புக்கு முந்தைய ஆண்டு, ஊட்டிக்கு விடுப்பில் வந்த ராஸ், சீகூர் மலைச்சரிவில் காய்ச்சலை ஆராயப் போய்த் தானே மலேரியாவில் படுத்தார். அவரைப் படுக்கவைத்தது மனித மலேரியா; பறவை மலேரியா மனிதருக்குத் தொற்றுவதில்லை. காரணம் எளிது. இந்தக் கிருமிகள் சிவப்பணுவுக்குள் புகுந்து வாழ்பவை. பறவையின் சிவப்பணுவில் உட்கரு உண்டு, நம்முடையதில் இல்லை. மேற்பரப்பின் அமைப்பும் வேறு. அந்த வீட்டுக்குப் பழகிய கிருமிக்கு இந்த வீட்டுக் கதவே திறக்காது. மலேரியா வகைகளில் மனிதரைக் கொல்வதில் முதலிடம் வகிக்கும் ஃபால்சிபாரம் ஒரு காலத்தில் பறவையிடமிருந்து வந்திருக்கலாம் என்ற கருத்து 1990களில் வலுவாக இருந்தது. 2010இல் ஆப்பிரிக்கக் காடுகளிலிருந்து சேகரித்த குரங்கினச் சாணங்களின் மரபணுவை ஆராய்ந்தபோது மூலம் கொரில்லா என்று தெரிந்தது. பறவை மீது போட்ட பழிகளில் ஒன்று அப்படிக் கழிந்தது.

இங்கே ஒருவர் மறிக்கலாம். இன்று தொற்றாத கிருமி நாளை தொற்றாது என்பதற்கு என்ன உத்தரவாதம்? நியாயமான கேள்வி, முன்னுதாரணமும் இருக்கிறது. நோலெசி என்ற குரங்கு மலேரியாவை 1930களின் தொடக்கத்தில் கல்கத்தாவில்தான் விவரித்தார்கள்; வெகுகாலம் அது ஆய்வகத்துச் சங்கதியாகவே இருந்தது. 2004இல் மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் மனித மலேரியா என்று சிகிச்சை பெற்றுவந்த பலருக்கு உண்மையில் இருந்தது இந்தக் குரங்கு மலேரியா என்று வெளிப்பட்டது. ஆனால் அந்த உதாரணம் என் பக்கம்தான் சாய்கிறது. குரங்கு நமக்கு நெருங்கிய உறவு, பறவை பல கோடி ஆண்டுகள் விலகிப்போன உறவு. கொல்லிமலை வளைவுகளில் வண்டியை நிறுத்தி, தடுப்புச்சுவரில் உட்கார்ந்திருக்கும் குரங்கின் கையில் வாழைப்பழத்தையும் பிஸ்கட்டையும் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறவர்கள், அதே பயணத்தில் மரத்திலிருந்து எச்சம் விழுந்துவிட்டால் பதறுகிறார்கள். ஆபத்தை அளக்கும் தராசு எங்கேயோ தட்டுமாறிக் கிடக்கிறது.

பறவை மீதான சந்தேகம் ஒருமுறை இந்தியாவில் மிகப் பெரிய அளவில் சோதித்துப் பார்க்கப்பட்டது. அந்தக் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த விஷயத்தில் நம்மிடம் உள்ள நல்ல சான்று அதுதான். 1957இல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில், கியாசனூர் காட்டை ஒட்டிய ஊர்களில் மக்கள் கடும் காய்ச்சலில் விழுந்தார்கள். அதே நேரத்தில் காட்டில் மந்திகளும் குரங்குகளும் செத்து விழுந்தன. முதலில் மஞ்சள் காய்ச்சலோ என்று உலகமே பயந்தது. பூனாவின் வைரஸ் ஆராய்ச்சி மையம் கிருமியைப் பிரித்தெடுத்தபோது, அது ரஷ்யாவின் உண்ணிவழி மூளைக்காய்ச்சல் வைரஸுக்குச் சொந்தக்காரன் என்று தெரிந்தது. சைபீரியாவின் கிருமி கர்நாடகக் காட்டுக்கு எப்படி வந்தது? ஆண்டுதோறும் அங்கிருந்து இங்கே வருவது வலசைப் பறவைகள். அவற்றின் இறகுக்குள் ஒட்டிக்கொண்டு வந்த உண்ணிகள்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று சந்தேகம் பறவை மேல் விழுந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு, பறவையியலாளர் சாலிம் அலியின் தலைமையில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1959இல் பறவைகளுக்கு வளையமிடும் பெருந்திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் அமெரிக்க இராணுவத்தின் பணமும் அதில் கலந்தது. கிருமிப் போருக்கான வேவு வேலையா இது என்று 1970களில் நாடாளுமன்றம் வரை சர்ச்சை போய், பொதுக் கணக்குக் குழு அதை விசாரித்தது தனிக்கதை. நம் கோடியக்கரையிலும் பின்னாளில் வலைகள் கட்டி, ஆயிரமாயிரமாய்ப் பறவைகளுக்கு வளையம் போட்டார்கள். வலசைப் பாதைகளைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்தச் சந்தேகம் தந்த கொடை. சைபீரியாவிலிருந்து பறவை நோயைக் கொண்டுவந்தது என்பதற்கு மட்டும் ஆதாரம் கிடைக்கவில்லை.

கிடைத்தது வேறு. குற்றவாளி உள்ளூர்க்காரன். ஹீமாஃபைசாலிஸ் ஸ்பினிஜெரா என்ற காட்டு உண்ணிதான் வைரஸைச் சுமக்கிறது. அதன் வாழ்க்கையில் மூன்று இரத்தச் சாப்பாடு உண்டு. முட்டையிலிருந்து பொரிந்த குஞ்சு உண்ணி எலி, மூஞ்சூறு, தரையில் மேயும் பறவை என்று சின்ன உடம்புகளில் ஏறும். அடுத்த பருவத்து இளம் உண்ணி குரங்கையும் மனிதரையும் கடிக்கும். ஜனவரியிலிருந்து மே வரை காய்ச்சல் அதிகமாவது அதனால்தான். வளர்ந்த உண்ணிக்குப் பெரிய உடம்பு வேண்டும், அதைக் காட்டில் தாராளமாகக் கொடுப்பது மேயவிட்ட மாடு. மாட்டின் இரத்தத்தில் வைரஸ் பெருகுவதில்லை, ஆனால் உண்ணி பெருகுகிறது. வயிறு புடைக்கக் குடித்து உதிர்ந்த ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். காட்டை வெட்டி வயலாக்கி, மிச்சக் காட்டில் மாட்டை ஓட்டி, விறகுக்கும் சருகுக்கும் மனிதரும் தினமும் உள்ளே போய்வந்த இடங்களில்தான் நோய் வெடித்தது. காட்டுக்கோழியும் மயிலும் இந்தக் கதையில் இல்லாமல் இல்லை. குஞ்சு உண்ணிகளைச் சுமந்து, பத்தடியோ பர்லாங்கோ தள்ளி இறக்கிவிடுகின்றன. அவை நோயைப் பெருக்கவில்லை, உண்ணியை இடம் மாற்றுகின்றன. 2012 முதல் இந்த நோய் பந்திப்பூர், முதுமலை, வயநாடு என்று தெற்கே தெரியத் தொடங்கியது. முதுமலையும் ராஸ் காய்ச்சலில் விழுந்த சீகூரும் பக்கத்துப் பக்கத்துக் காடுகள். கொல்லிமலை இருப்பது கிழக்குத் தொடர்ச்சி மலையில், இந்த நோய் கண்ட ஊர்கள் மேற்குத் தொடர்ச்சியை ஒட்டியவை. ஆனாலும் நாட்டுக்கோழிக்குப் பக்கத்தில் காட்டுக்கோழி, அதற்குப் பக்கத்தில் மாடு, உன்னிப் புதர் மண்டிய வெட்டுக்காடு என்ற சேர்க்கை இங்கேயும் இருப்பதால், அந்த அனுபவம் இங்கே வாசிக்கத் தக்கது.

காட்டுக்கோழியின் தலையைப் பக்கத்தில் பார்த்தால் ஒன்று புரியும். உடம்பில் எங்கும் உண்ணி தங்க முடியாது, அலகால் கொத்தித் தின்றுவிடும். அலகு எட்டாத இடத்தில், கண்ணைச் சுற்றிய வெறுந்தோலிலும் கொண்டையின் அடியிலும் செவித்துளையின் ஓரத்திலும், கடுகைவிடச் சிறிய சாம்பல் மணிகளாகக் கொத்தாக ஒட்டியிருக்கும். அவை அங்கேயிருந்து மனிதர் மேல் தாவுவதில்லை. குடித்து முடித்ததும் உதிர்ந்து, சருகுக்குள் தோலுரித்து, அடுத்த உருவெடுத்த பிறகுதான் புல்நுனியில் ஏறிக் காத்திருக்கும். கோழியைக் கண்டு விலகிப் போகிறவர் காலில் அது ஏறுவது கோழி இல்லாத பாதையில். தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் உண்ணிக் காய்ச்சல் என்ற பெயரில் மழைக்காலத்துக்குப் பிறகு அதிகமாகப் பார்க்கப்படும் ஸ்க்ரப் டைபஸும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. பெயரில் உண்ணி இருந்தாலும் கடிப்பது கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு. அது எலி மேலும் ஏறும், செம்போத்து போலத் தரையில் திரியும் பறவை மேலும் ஏறும். ஆனால் வாழ்நாளில் அது உடம்பில் ஏறிக் கடிப்பது ஒரே ஒரு தடவைதான். அதனால் கிருமி தாயிடமிருந்து முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்குப் போகிறது. கிருமியின் கருவூலம் அந்தச் சிற்றுண்ணியேதான். பறவை வெறும் வாகனம், எலி அதைவிடப் பெரிய வாகனம். எலியைப் புதரோரத்துக்குக் கூப்பிட்டு வளர்ப்பது சுற்றுலாக்காரர் வீசிவிட்டுப் போகும் சோற்றுப் பொட்டலம்.

இனித் தண்ணீருக்கு வருவோம். கொல்லிமலையின் அறப்பளீஸ்வரர் கோயிலிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாய கங்கை அருவி. ஐயாறு முந்நூறு அடி உயரத்திலிருந்து விழும் வேகத்தில் நத்தை தங்காது. நத்தை தங்காத தண்ணீரில் பறவைப் புழுவுக்கு வேலையில்லை. வாத்து, கொக்கு போன்ற நீர்ப்பறவைகளின் இரத்தக் குழாயில் வாழும் தட்டைப்புழுக்கள் எச்சத்தோடு முட்டையிட்டு, நத்தைக்குள் வளர்ந்து, வாலுள்ள குஞ்சுகளாக நீந்தி அடுத்த பறவையைத் தேடும். இடையில் குளிக்கும் மனிதரின் தோலைத் தவறுதலாகத் துளைத்தால் அங்கேயே செத்துப்போகும். நமக்குக் கிடைப்பது சில நாள் அரிப்பும் தடிப்பும். 1928இல் அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியொன்றில் இதை நிறுவினார்கள். வாசலூர்ப்பட்டி ஏரி போன்ற தேங்கிய நீரில், நெல் வயலில், குட்டையில் இறங்குகிறவர்களுக்கு இங்கேயும் இந்த அரிப்பு வரலாம். ஆனால் இந்திய வயல்களில் காலைக் கடிக்கும் இந்த வகைப் புழு பெரும்பாலும் பறவையுடையது அல்ல, மாட்டுடையது. மாடுகளின் மூக்கில் குடியிருந்து குறட்டை நோய் தரும் புழுவை 1930களில் சென்னை மாகாணத்தில் விவரித்தவர் எம். அனந்தநாராயண ராவ் என்ற கால்நடை விஞ்ஞானி. அதன் முட்டை மாட்டின் சளியோடு குட்டையில் விழுகிறது. கொக்கு நிற்பது கண்ணுக்குத் தெரிகிறது, மாடு மூக்கை நனைப்பது பழகிப்போய் தெரியாமல் போகிறது. பறவைப் புழு மனிதரிடம் நிஜமாகவே குடியேறிய நிகழ்வும் நம் பக்கத்தில் உண்டு. பறவைகளின் கண்ணிமைக்குள் வாழும் ஒரு தட்டைப்புழுவை இலங்கையில் ஒருவரின் கண்ணில் கண்டெடுத்து 1958இல் பதிவு செய்தார்கள். படிக்கவே கூசுகிறது. ஆனால் அத்தகைய நிகழ்வுகள் உலகம் முழுக்கச் சேர்த்தாலும் விரல்விட்டு எண்ணத்தக்கவை, புழுவை எடுத்துவிட்டால் கண் தேறிவிடும்.

மலையில் உண்மையில் யோசிக்க வேண்டிய ஒட்டுண்ணி கண்ணுக்கே தெரியாதது: டாக்சோபிளாஸ்மா. காட்டுப் பறவைகளின் சதையிலும் நாட்டுக்கோழியின் சதையிலும் அது சிறு கூடுகளாக உறங்கும். கர்ப்பிணிக்கு முதன்முறையாகத் தொற்றினால் கருவின் கண்ணையும் மூளையையும் தாக்கும். இதைக் கேட்டதும் பறவைதான் குற்றவாளி என்று தோன்றும். ஆனால் இந்த ஒட்டுண்ணி முட்டை வடிவில் வெளியேறுவது பூனைக் குடும்பத்தின் மலத்தில் மட்டுமே என்பது 1970 வாக்கில் தெளிவானது. பூனை ஒரு சில வாரங்கள் மட்டுமே வெளியேற்றும், ஆனால் கோடிக்கணக்கில். ஈர மண்ணில் அது ஓராண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். மண்ணைக் கிளறிக் கொத்தும் கோழிக்கு அது தொற்றும். அதனால்தான் ஓர் ஊரின் மண் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அறிய விஞ்ஞானிகள் நாட்டுக்கோழியின் இரத்தத்தைச் சோதிக்கிறார்கள். இந்திய நாட்டுக்கோழிகளிலிருந்து இதைப் பிரித்தெடுத்து மரபு வகையை ஆராய்ந்த கட்டுரை 2003இல் வெளிவந்தது. கோழி இங்கே சாட்சி, குற்றவாளி அல்ல. மாசி பெரியசாமிக்கு நேர்ந்துகொண்டு கோழி அறுத்து, அடுப்பு கூட்டி, மிளகு தூக்கலாகக் குழம்பு வைத்துத் தின்கிறவர்களுக்குச் சாப்பாட்டில் ஆபத்து இல்லை. கொதிக்கும் குழம்பில் அந்தக் கூடு பிழைக்காது. ஆபத்து அதற்கு முந்தைய வேலையில், பச்சைக் கறியை நறுக்கிய கையும் அரிவாள்மனையும் கழுவாமல் வெங்காயத்துக்குப் போவதில் இருக்கிறது. தோட்டத்து மண்ணில் வெறுங்கையால் களை பிடுங்கும் பெண்ணுக்கும், அடுப்படிக்குள் வந்துபோகும் பூனைக்கும் நடுவே உள்ள தூரம்தான் இதில் கணக்கு. காட்டுக்கோழியைச் சுட்டுத் தின்பவர் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் குற்றவாளி. ஒட்டுண்ணியைப் பற்றி அவர் கவலைப்படுவது இரண்டாம் பட்சம்.

வீட்டுக்குள் வரும் பறவைத் தொல்லை ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. ஓட்டுக்கூரையின் இடுக்கில் குருவியோ மைனாவோ கூடு கட்டிக் குஞ்சு பறந்துபோன பிறகு, கூட்டில் மிஞ்சிய செல் என்ற இரத்தம் குடிக்கும் சிறு பூச்சிக்குச் சாப்பாடு கிடையாது. கீழே இறங்கிப் படுத்திருப்பவரைக் கடிக்கும். அடைக்கோழியின் கூடையைக் கையாண்டவர்களுக்கு அந்த ஊறல் தெரிந்ததுதான். மனித இரத்தத்தில் அவை வம்சம் வளர்ப்பதில்லை, சில வாரங்களில் அழிந்துவிடும். செய்ய வேண்டியது காலிக் கூட்டை எடுத்துக் கொளுத்துவது. முட்டையோடு இருக்கும் கூட்டைக் கலைத்தால் பசியெடுத்த செல் அன்றைக்கே அறைக்குள் இறங்கும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு, பறவையிடமிருந்து தள்ளியே இருங்கள் என்று ஒரு வரியில் சொன்னால் போதாதா, எச்சரிக்கை கூடுவதால் யாருக்கு நஷ்டம் என்று கேட்பவர்கள் உண்டு. நஷ்டம் உண்டு. பழி தவறான இடத்தில் விழுந்தால் பணமும் கவனமும் அங்கேயே போகும். நோய்ப் பயத்தில் வௌவால் அடையும் மரங்களை வெட்டச் சொன்ன ஊர்களை நாம் பார்த்திருக்கிறோம். பறவையை விரட்டுவதால் உண்ணி குறையாது. ஏறுவதற்குப் பறவை இல்லாத உண்ணி எலியைத் தேடிக்கொள்ளும், மாடு காட்டில் மேயும் வரை பெருகிக்கொண்டேயிருக்கும். போக்குவரத்து எப்போதும் பறவையிலிருந்து மனிதரை நோக்கியும் இல்லை. ஹவாய்த் தீவுகளுக்கு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பல்கள் கொசுவைக் கொண்டு போயின, பின்னால் பறவை மலேரியாவும் வந்து சேர்ந்தது. அந்நோயை அறியாத தேன்குடிப் பறவைகள் இனமினமாக அழிந்தன. எஞ்சியவை கொசு ஏறாத குளிர்ந்த மலையுச்சியில் ஒண்டியிருக்கின்றன. அங்கே தொற்றைக் கொண்டுபோனவர் யார் என்பதில் குழப்பமில்லை.

அதனால் மலைமேல் செம்மேட்டில் அறை எடுத்துத் தங்கிக் காட்டுப் பாதையில் நடக்கிறவர் பறவையைப் பார்க்க எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். கால்சராயின் அடியைக் காலுறைக்குள் செருகிக்கொள்வதும், சருகில் துண்டை விரித்துப் படுக்காமல் இருப்பதும், திரும்பியதும் சூடான நீரில் தேய்த்துக் குளித்துத் துணியைத் துவைக்கப் போடுவதும் போதும். ஒட்டிய உண்ணியை மண்ணெண்ணெய் ஊற்றியோ தீக்குச்சியால் சுட்டோ எடுக்காமல், தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுக்க வேண்டும். நடந்துவந்த ஒன்றிரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் தாங்க முடியாத தலைவலியும் வந்தால், அக்குளிலும் தொடையிடுக்கிலும் இடுப்புப் பட்டை அழுத்தும் இடத்திலும் சிகரெட்டால் சுட்டதுபோலக் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. வலிக்காது, அதனால் தேடினால்தான் தெரியும். இருந்தால் அதை மருத்துவரிடம் காட்டி, காட்டுக்குள் போய்வந்ததையும் சொல்ல வேண்டும். டாக்சிசைக்ளின் என்ற மலிவான மாத்திரை முதல் சில நாட்களிலேயே ஸ்க்ரப் டைபஸை அடக்கிவிடும். தாமதித்தால் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டு, தீவிர சிகிச்சைப் பிரிவு வரை போய்விடுகிறது.